மலையை நுண்ணோக்கியில் பார்த்தவர்

படிகமும் ஒளியும்: வரலாற்றுத் தொடர், பகுதி 7

சென்ற பகுதியை 1808-ஆம் ஆண்டின் பாரிஸில் நிறுத்தியிருந்தோம். எத்தியன் லூயி மாலுஸ் என்ற ராணுவப் பொறியாளர், லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஐஸ்லாந்து ஸ்பார் படிகத்தின் வழியே பார்த்தார். எதைப் பார்த்தாலும் இரண்டாகக் காட்டுவது அந்தப் படிகத்தின் இயல்பு. ஆனால் அன்று படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் மங்கியது, மற்றது ஒளிர்ந்தது. மேலும் திருப்பினால் முறை மாறியது. கண்ணாடியில் பட்டு வந்த ஒளிக்கு ஒரு குறிப்பிட்ட திசை வாய்த்திருந்தது. நம் மேல்நிலைப் பாடநூல்கள் இதைத்தான் தளவிளைவு என்கின்றன. மாலுஸ் 1812-இல், 36 வயதில், காசநோயால் காலமானார்.

அவருக்குப் பின் பிரான்சில் அராகோவும் பியோவும், ஸ்காட்லாந்தில் டேவிட் புரூஸ்டரும், கைக்குக் கிடைத்த படிகத்தையெல்லாம் இந்த ஒளியின் பாதையில் வைத்துப் பார்த்தார்கள். நிறமற்ற மைக்காத் தகடு நீலமும் செம்மஞ்சளும் காட்டியது. எந்தப் படிகத்துக்கு எந்த நிறம், ஏன் என்று கேள்விகள் குவிந்தன. ஆனால் அந்த ஒளியை உண்டாக்குவதே பெரும்பாடாக இருந்தது. கண்ணாடித் தகடுகளில் பட்டுத் தெறிக்கச் செய்தால் வெளிச்சம் போதாது. டூர்மலைன் படிகத்தை வைத்தால் அதன் சொந்த நிறம் எல்லாவற்றிலும் படியும். ஐஸ்லாந்து ஸ்பார் தெளிவானதுதான். ஆனால் இரண்டு பிம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து கண்ணில் கொட்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் எடின்பரோவில் வாழ்ந்த வில்லியம் நிகோல். 1770-இல் பிறந்தவர். அவருடைய உறவினர் ஹென்றி மோய்ஸ், ஊர் ஊராகச் சென்று வேதியியலும் ஒளியியலும் சொற்பொழிவாற்றியவர். மோய்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே பெரியம்மையில் பார்வையை இழந்துவிட்டார். மேடையில் சோதனைகளைச் செய்து காட்ட அவருக்கு ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலையில் சேர்ந்தவர் இளைஞர் நிகோல். பார்வையற்ற ஒருவர் ஒளியைப் பற்றிப் பேச, பக்கத்தில் நின்று படிகங்களையும் வில்லைகளையும் எடுத்துக் காட்டியவர் அவர். பிறகு அவரே சொற்பொழிவாளரானார். முதுமையில் எடின்பரோவில் ஒதுங்கி வாழ்ந்தபடி, கல்லையும் கண்ணாடியையும் தேய்த்து மெருகேற்றுவதிலேயே நாட்களைச் செலவிட்டார்.

1828-இல் அவர் செய்தது இது. நீளமான ஒரு ஐஸ்லாந்து ஸ்பார் படிகத்தை மூலைவிட்டமாக இரண்டாக அறுத்தார். அறுத்த முகங்களை மெருகேற்றி, ‘கனடா பால்சம்’ என்ற தெளிந்த மரப்பிசினால் மீண்டும் ஒட்டினார். படிகத்துக்குள் நுழையும் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரியும். ஒன்று அதிகமாக விலகும், மற்றது குறைவாக. பிசினின் ஒளிவிலகல் எண் இந்த இரண்டு கதிர்களுக்கும் உரிய எண்களின் நடுவே இருக்கிறது. அதனால் அதிகம் விலகும் கதிர் பிசின் படலத்தில் முழு அக எதிரொளிப்பு அடைந்து பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். மற்றது மட்டும் நேரே வெளியேறும். தெளிவான, நிறமற்ற, ஒரே தளத்தில் அதிரும் ஒளி கிடைத்துவிட்டது. நிகோல் பட்டகம் என்று இயற்பியல் மாணவர்கள் படம் வரைந்து மதிப்பெண் வாங்கும் கருவி இதுதான்.

இந்த மனிதரின் இன்னொரு வேலையைப் பாடநூல்கள் சொல்வதில்லை. கல்லாகிப்போன மரத்துண்டுகளை அவர் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் அவற்றின் திசுக்களைப் பார்த்தார். ஹென்றி விதம் என்பவர் 1831-இல் வெளியிட்ட தொல்தாவர நூலில் இந்த முறை விளக்கப்பட்டது.

ஆக, 1830-களின் தொடக்கத்தில் ஒரே ஊரில், ஒரே மனிதரின் கையில் இரண்டு கருவிகளும் இருந்தன: ஒளியை ஒரு தளத்தில் நிறுத்தும் பட்டகம், கல்லை ஒளி புகும்படி சீவும் முறை. 1834-இல் ஃபாக்ஸ் டால்பட், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான அதே டால்பட், நிகோல் பட்டகங்களை நுண்ணோக்கியில் பொருத்தி, கறுத்த பின்னணியில் படிகங்கள் நிறத்தோடு மின்னுவதை எழுதினார். எல்லாம் தயார். ஆனாலும் ஒரு சாதாரணப் பாறையைச் சீவி இந்தக் கருவியின் கீழ் வைத்து முறையாக ஆராய மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் ஆச்சரியம் தரும் இடைவெளிகளில் இது ஒன்று. அன்றைய நிலவியலர்கள் சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு மலை ஏறுபவர்கள். மலை பெரியது, அதற்குக் கண்ணே போதும் என்பது அவர்கள் எண்ணம். கருவி கையில் இருந்தும் அதை எடுத்துப் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

தோன்றியது ஷெஃபீல்டு நகரத்து இளைஞர் ஒருவருக்கு.

ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1826-இல் பிறந்தார். கத்தி, உளி, வாள் போன்ற வெட்டுக்கருவிகள் செய்யும் குடும்பம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. 1847-இல் தந்தை காலமானார். விட்டுச்சென்ற சொத்து பெருஞ்செல்வமல்ல. ஆனால் வேலைக்குப் போகாமல் வாழ அது போதும். சார்பி தொழிலைக் கையிலெடுக்கவில்லை, பல்கலைக்கழகத்துக்கும் போகவில்லை. தேர்வு எழுதுவதற்காகப் படிக்காமல், சொந்தமாக ஆராய்ச்சி செய்வதற்காகத் தன்னைத் தயார் செய்துகொள்வது என்று முடிவெடுத்தார். தாயோடு அதே ஊரில் இருந்தபடி வீட்டிலேயே ஆய்வறை வைத்துக்கொண்டார். அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

மான்செஸ்டரில் வில்லியம் கிராஃபோர்டு வில்லியம்சன் எலும்பு, பல், மீன் செதில் ஆகியவற்றைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டு 1849-இல் சார்பி பாறைச் சீவல் செய்யத் தொடங்கினார். நிலவியல் துறையில் இன்று எல்லோரும் தின் செக்‌ஷன் என்று சொல்லும் பொருள் இது. அதைச் செய்யும் முறையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். இந்த அறிவியலின் பாதி அந்தக் கைவேலையில்தான் இருக்கிறது.

பாறையிலிருந்து சிறு சில்லு ஒன்று உடைக்கப்படுகிறது. இரும்புத் தட்டில் எமரிப் பொடியும் தண்ணீரும் விட்டு அதன் ஒரு முகத்தைத் தட்டையாகத் தேய்க்க வேண்டும். முதலில் பருவட்டுப் பொடி, பிறகு நைசு, அதற்குப் பிறகு இன்னும் நைசு. ஒவ்வொரு முறையும் சில்லை நன்றாகக் கழுவ வேண்டும். முந்தைய பொடியில் ஒரு மணி ஒட்டியிருந்தாலும் கீறல் விழும். வழவழப்பான முகத்தைச் சூடாக்கிய கனடா பால்சத்தால் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். நடுவே ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் பின்னர் அந்த இடத்தில் கல் பெயர்ந்து போகும். பிசின் இறுகியதும் மறுமுகத்தைத் தேய்க்கத் தொடங்கலாம். கல் மெலிய மெலிய ஓரங்களில் வெளிச்சம் தெரிகிறது. பிறகு நடுவிலும் தெரிகிறது. ஆபத்து கடைசிக் கட்டத்தில்தான். இரண்டு தேய்ப்பு அதிகமானால் பல மணிநேர உழைப்பு கறுத்த சேறாகத் தட்டில் கரைந்துவிடும். சார்பி செய்த சீவல்கள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் வரை இறங்கின. இன்றைய வழக்கமான அளவு 0.03 மில்லிமீட்டர், தலைமுடியில் பாதிகூட இல்லை.

இந்தச் சீவலை இரண்டு நிகோல் பட்டகங்களுக்கு நடுவே வைக்க வேண்டும். கீழே உள்ளது ஒளியை ஒரே தளத்தில் அதிர வைக்கும். மேலே உள்ளதை அதற்குச் செங்குத்தாகத் திருப்பிவிட்டால், கீழிருந்து வரும் ஒளி மேலே போகாது. கருவிக்குள் பார்த்தால் இருட்டு. நடுவே வெறும் கண்ணாடியை வைத்தாலும் இருட்டு மாறாது. கார்னெட் போன்ற கனசதுர அமைப்புள்ள படிகத்தை வைத்தாலும் மாறாது. ஆனால் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா, கால்சைட் ஆகியவற்றின் அணு அடுக்கு எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி இல்லை. அவை ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சற்றுப் பின்தங்க வைக்கின்றன. மேலேயுள்ள பட்டகத்தில் அவை மறுபடி சேரும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் மிஞ்சுகின்றன. சாம்பல் நிறத்தில் கிடந்த கல், கோயில் மண்டபத்து வண்ணக் கண்ணாடியைப் போல ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு நிறமாக எழுந்து நிற்கும். சீவலைச் சுழற்றினால் ஒவ்வொரு துகளும் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை இருண்டு மீளும். எந்தக் கோணத்தில் இருள்கிறது என்பதை வைத்துப் படிகம் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று அளந்துவிடலாம்.

யார்க்‌ஷயர் கடற்கரையின் சுண்ணாம்பு மணற்பாறையைப் பற்றி சார்பி எழுதிய கட்டுரை 1851-இல் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் வந்தது. பாறைச் சீவலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதிய முதல் முறையான ஆய்வு என்று இதைத்தான் சொல்கிறார்கள். பெரிய வரவேற்பு இல்லை. ஆல்ப்ஸ் மலைகளில் அலைந்து ஆராய்ந்த சொசூர், மலைகளை நுண்ணோக்கியால் பார்ப்பது முறையல்ல என்று சொன்னதாக எடுத்துக்காட்டி மக்கள் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக முதுமையில் சார்பி நினைவுகூர்ந்தார்.

சிரித்தவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த கல்லை எடுத்தார். கூரை ஓடாகவும் பள்ளிக்கூடப் பலகையாகவும் பயன்பட்ட ஸ்லேட் கல் ஏன் எப்போதும் ஒரே திசையில் தகடுதகடாகப் பிளக்கிறது என்பது அன்று பெரிய விவாதம். படிவு அடுக்கு என்றார்கள் சிலர். மின்சாரம், காந்தம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். சார்பி ஸ்லேட்டைச் சீவி வைத்துப் பார்த்தபோது, நுண்ணிய மைக்காச் செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வரிசையாகப் படுத்திருந்தன. கல் ஒரு திசையில் கடுமையாக அழுத்தப்பட்டிருக்கிறது. செதில்கள் அந்த அழுத்தத்துக்குக் குறுக்காகத் திரும்பிப் படுத்திருக்கின்றன. பிளவு அந்த வரிசையில் ஓடுகிறது. 1853-இல் இதை வெளியிட்டார். ஸ்லேட் கிடைக்கும் வேல்ஸ் மலைகள் எவ்வளவு நசுக்கப்பட்டன என்பதற்கான சாட்சி, கண்ணுக்குத் தெரியாத ஒரு செதிலின் சாய்வில் இருந்தது.

1858-இல் வந்தது அவருடைய மிகப் பெரிய கட்டுரை. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் துகள்களுக்குள் எண்ணற்ற நுண்குழிகள், அவற்றுக்குள் திரவம், திரவத்துக்குள் ஒரு குமிழி. படிகம் வளர்ந்தபோது சூடான திரவம் உள்ளே சிக்கியது. ஆறியதும் சுருங்கி, இடம் காலியாகிக் குமிழி உண்டானது. அப்படியானால் மறுபடி சூடாக்கினால் எந்த வெப்பநிலையில் குமிழி மறைகிறதோ, அது படிகம் உருவான வெப்பத்துக்கு ஒரு குறிப்பாகும். கிரானைட் நெருப்பில் பிறந்ததா நீரில் பிறந்ததா என்று இரண்டு தலைமுறைகளாக நடந்த சண்டையில், வெப்பமும் நீரும் சேர்ந்தே அங்கு இருந்தன என்று சார்பியால் காட்ட முடிந்தது. இந்த நுண்குழிகளை அளந்து தாதுக்கள் உருவான வெப்பநிலையைக் கணிப்பது இன்றும் நடக்கும் வேலை.

இங்கிலாந்தில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் குறைவு. 1860-களின் தொடக்கத்தில் ரைன் நதிப் பக்கம் போன சார்பி, பான் நகரில் ஃபெர்டினான்ட் சிர்கெல் என்ற இளைஞரைச் சந்தித்தார். சுற்றியிருந்த எரிமலைக் குன்றுகளில் இருவரும் சேர்ந்து அலைந்தார்கள். சிர்கெல் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டு 1863-லேயே தம் முதல் ஆய்வை வியன்னாவில் வெளியிட்டார். பின்பு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1873-இல் சிர்கெலும் ஹாரி ரோசன்புஷும் தனித்தனியே எழுதிய இரு பெரும் பாடநூல்கள் வெளிவந்தன. ரோசன்புஷ் கேட்டபடி பெர்லினில் ஃபூஸ் என்ற கருவி வினைஞர் சுழலும் மேடையும் குறுக்கிழையும் பட்டகங்களும் பொருந்திய நுண்ணோக்கியைச் செய்துகொடுத்தார். 1876-இல் அது அறிமுகமானது. இன்று நம் கல்லூரிகளின் நிலவியல் ஆய்வகங்களில் இருக்கும் நுண்ணோக்கியின் அடிப்படை வடிவம் அதுவே. 1888-இல் பிரான்சில் மிஷெல்-லெவி, தடிமன், நிறம், கனிமம் மூன்றையும் ஒரே வண்ண அட்டவணையில் இணைத்தார். சீவல் 0.03 மில்லிமீட்டர் இருந்தால் குவார்ட்ஸ் சாம்பல் கலந்த வெண்மை காட்டும். மஞ்சள் காட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். சீவல் செய்பவர்கள் இன்றைக்கும் தடிமனைக் குவார்ட்ஸின் நிறத்தை வைத்தே சரிபார்க்கிறார்கள்.

சார்பியின் கை கல்லோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1863-இல் அவர் எஃகை மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரித்து, மேலிருந்து ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்த்தார். எஃகும் படிகத் துகள்களால் ஆனதுதான் என்று கண்டார். எஃகு நகரத்தின் பிள்ளை செய்த இந்த வேலையை எஃகுத் தொழிலே இருபது ஆண்டுகளுக்குமேல் பொருட்படுத்தவில்லை. உலோகவியல் நுண்ணோக்கி ஆய்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

பாறைச் சீவல் முறை இந்தியாவுக்கு வந்ததும் பேசிய கற்களில் ஒன்று நம்முடையது. தாமஸ் ஹென்றி ஹாலண்ட் 1890-இல், இருபத்திரண்டு வயதுக்குள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோப் சார்னாக்குடைய கல்லறை இருக்கிறது. அதன் மேலுள்ள கருமையான கல் வங்காளத்துக் கல் அல்ல. வண்டல் மண் பூமியான அந்த டெல்டாவில் அப்படி ஒரு கல்லுக்கு வழியே இல்லை. நுண்ணோக்கியில் ஹாலண்ட் கண்டது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். மேல் பட்டகத்தை எடுத்துவிட்டுக் கீழ்ப் பட்டகத்தோடு மட்டும் மேடையைச் சுழற்றினால் ஹைப்பர்ஸ்தீன் வெளிர் ரோஜா நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும். மறுபடி ரோஜா நிறத்துக்குத் திரும்பும். ஒருமுறை பார்த்தவருக்கு அந்த நிறமாற்றம் மறக்காது. அதே கனிமச் சேர்க்கை, அதே நிறமாற்றம், சென்னைக்கு அருகே பல்லாவரம் குன்றுகளின் கல்லில் இருந்தது. கல்லறைக் கல் கடல்வழி சென்னையிலிருந்து போயிருக்கிறது என்று முடிவானது.

1893-இல் ஹாலண்ட் அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். கல்லறைக்குள் இருப்பவர் தம்மையறியாமல் இந்தக் கல்லைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரக் காரணமானார் என்பதால் அந்தப் பெயர். என்னைக் கேட்டால் பல்லாவரத்தின் பெயரையே வைத்திருக்க வேண்டும். கல் பிறந்த ஊர் இது. 1900-இல் அவர் எழுதிய பெரிய அறிக்கையில் நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளும் இந்தப் பாறைக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டன. இது பாறைக்குழம்பு ஆறி உறைந்த பாறை என்பது ஹாலண்டின் கருத்து. ஏற்கெனவே இருந்த பாறை பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருமாறி இப்படியானது என்று பின்வந்தவர்கள் வாதிட்டார்கள். சீவல்களை வைத்துக்கொண்டு இந்த விவாதம் பல பத்தாண்டுகள் நடந்தது. பல்லாவரம் பகுதியில் அந்த உருமாற்றம் நிகழ்ந்தது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்திருக்கிறார்கள்.

பரங்கிமலையின் சார்னோகைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. சென்னையில் இருக்கும் வாசகர்கள் ஒரு காலைப்பொழுது அங்கே போய், புதிதாக உடைந்த முகம் எங்கேனும் தென்பட்டால் பாருங்கள். எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கருமை, அதனிடையே நீலம் ஓடும் குவார்ட்ஸ். கல்லைத் தட்டிப் பெயர்க்க வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப் போனால், அருகிலுள்ள ஏதேனும் நிலவியல் துறையில் கேட்டு அதே பாறையின் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் காட்டுங்கள்.

சார்பி 1908-இல் ஷெஃபீல்டில் காலமானார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நுண்ணோக்கி கல்லைவிட்டு விசித்திரமான ஒரு பொருளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பிராகாவில் தாவரவியலர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலைக் கொண்டு ஒரு சேர்மம் செய்தார். அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் மறுபடி ‘உருகி’த் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை எப்படி என்று கேட்டு, சூடேற்றும் மேடையோடு கூடிய தளவிளைவு நுண்ணோக்கி வைத்திருந்த ஓட்டோ லெமன் என்ற இயற்பியலருக்கு அவர் கடிதம் எழுதினார். இன்று நம் கைக்கடிகாரத்திலும் தொலைக்காட்சித் திரையிலும் இருக்கும் திரவப் படிகத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அதை அடுத்த பகுதியில் பார்ப்போம். அந்தக் கடிதத்தில் உள்ள தேதி 1888 மார்ச் 14.